திரையில் நிறமும் அதன் பொருளும்



மின்கட்டணம் செலுத்துவதற்கும், ரயிலில் இடம் பதிவு செய்வதற்கும், பரீட்சை முடிவை அறிவதற்கும், வைத்தியரைப் பார்க்க நேரம் குறிப்பதற்கும் ஏதேனும் ஒரு வலைப்பக்கத்தின் வாயிலாகவே போகவேண்டியிருக்கிற இக்காலத்தில், அப்பக்கத்துக்கு எந்த நிறத்தைச் சூட்டுவது என்ற கேள்வி, அதைச் சமைப்பவரின் ரசனையோடு முடிந்துபோகிற கேள்வியாக இருக்க முடியாது. அதைப் படிக்கப்போகிற லக்ஷக்கணக்கான மக்களின் கண்ணையும் மனத்தையும் அவர்களுடைய வழக்கங்களையும் தொட்டு நிற்கிற கேள்வி அது.

வலைப்பக்க வடிவமைப்பைப் பயிற்றுவிக்கும் இடங்களில் மாணவர் கையில் முதலில் கொடுக்கப்படுவது பெரும்பாலும் ஓர் அட்டவணையாகும். நீலம் நம்பிக்கைக்கு, சிவப்பு வேகத்துக்கும் ஆபத்துக்கும், பச்சை வளத்துக்கு, ஊதா அரச மேன்மைக்கு, கறுப்பு கம்பீரத்துக்கு, வெண்மை தூய்மைக்கு என்று ஒவ்வொரு நிறத்துக்கும் எதிரே அதன் குறிப்புப் பொருள் எழுதப்பட்டிருக்கும். வங்கிக்குப் பக்கம் செய்கிறவர், அகராதியைப் புரட்டிச் சொல் பொறுக்குவதுபோல், அவ்வட்டவணையைப் பார்த்து நீலத்தை எடுத்துக்கொள்கிறார். இம்முறையில் எனக்கு ஆழ்ந்த கருத்து வேற்றுமை உண்டு. நிறம் எதுவும் தன்னந்தனியே நின்று பொருள் உரைப்பதில்லை என்பதும், அது எந்த நிறத்தின் அருகே நிற்கிறது, எந்த ஜனசமூகத்தின் வழக்கத்துக்குள் நிற்கிறது, எத்தகைய கண்ணின் முன்னே நிற்கிறது என்று மூன்றையும் கேட்டறிந்த பின்னரே அதற்குப் பொருள் பிறக்கிறது என்பதும் என் துணிபு.

அட்டவணையில் காணும் பொருள்கள் எங்கிருந்து வந்தன என்று சிறிது ஆராய்வோம். ஊதா அரசர்க்குரியது என்னும் எண்ணம், மத்தியதரைக் கடலின் கீழ்க்கரையிலே டயர் என்னும் பழம்பட்டினத்தார் ஒருவகைக் கடல்நத்தையிலிருந்து இறக்கிய சாயத்தால் நிலைபெற்றது. 1909ஆம் ஆண்டில் பால் ஃபிரீட்லாண்டர் என்னும் ரசாயன அறிஞர் 12,000 நத்தைகளைச் சேகரித்து அச்சாயத்தைப் பிரித்தெடுத்தபோது அவருக்குக் கிடைத்தது 1.4 கிராம் மட்டுமே என்றால், அதில் தோய்த்த மேலாடையை ரோமாபுரிச் சக்கரவர்த்திகளல்லாமல் வேறு யார் உடுத்தியிருக்க முடியும்? அதுபோலவே, ஐரோப்பிய ஓவியர்கள் கன்னி மரியாளின் மேலாடைக்கென்று போற்றிவைத்திருந்த ஆழ்நீலமும், ஆப்கானிஸ்தானத்துப் பதக்‌ஷான் மலைகளில் வெட்டியெடுத்த லாப்பிஸ் லாசுலி என்னும் நீலக்கல்லை அரைத்துப் பக்குவப்படுத்திப் பெறப்பட்டது. பக்தியின் நிறமாக அது எண்ணப்பட்டதற்கு அதன் அழகோடு அருமையும் காரணமாயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பிரான்ஸ் தேசத்து ழான் பாப்டிஸ்ட் கிமே அந்நீலத்தைச் செயற்கையாகச் செய்யும் வழியைக் கண்ட பிறகு, ஒரு காலத்தில் தேவமாதாவின் ஆடைக்கென ஒதுக்கப்பட்ட நிறம், வெள்ளைத் துணிக்கு இடும் சலவை நீலமாகி எளியோர் வீட்டு வாளித் தண்ணீருக்கும் வந்துசேர்ந்தது. 1856இல் வில்லியம் ஹென்றி பெர்க்கின் என்னும் பதினெட்டு வயது மாணவர், மலேரியாக் காய்ச்சலுக்குரிய கொயினா மருந்தைச் செய்ய முயன்று, எதிர்பாராமல் ஊதாச் சாயம் ஒன்றைக் கண்டெடுத்ததும் இதே கதையின் அடுத்த அத்தியாயம். நிறங்களின் மேன்மை என்று நாம் கருதி வந்ததில் கணிசமான பகுதி அவற்றின் விலையாகவே இருந்தது என்பதை இவ்வரலாறு ஐயத்துக்கு இடமின்றிக் காட்டுகிறது.

திரைக்கு வந்தவுடன் இந்த விலை வேறுபாடு முற்றிலும் நீங்கிவிடுகிறது. செந்நிறம், பச்சை, நீலம் ஆகிய மூன்று ஒளிகளைக் கலந்து மற்ற நிறங்களைத் தோற்றுவிக்கலாம் என்னும் தத்துவத்தை, ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல் 1861ஆம் ஆண்டில் லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் வண்ண நாடாவொன்றின் மூன்று ஒளிப்படங்களை ஒன்றன்மேல் ஒன்றாகத் திரையில் வீழ்த்திக் காட்டி நிறுவினார். இன்றைய திரைகளும் அந்தத் தத்துவத்தாலேயே இயங்குகின்றன. ஒவ்வோர் ஒளிக்கும் 256 படிகள் வைத்தால் கிடைக்கும் நிறங்கள் 1,67,77,216. அத்தனையும் கையருகே உள்ளன. ஒன்றுக்கு ஒன்று காசு கூடவோ குறையவோ இல்லை. பஞ்சத்தில் பிறந்த பொருள்கள் இவ்வளவு பெரிய சம்பத்தின் நடுவே எதைப் பற்றிக்கொண்டு நிற்கும்? சமூக வழக்கம் ஒன்றைப் பற்றிக்கொண்டுதான் நிற்க முடியும். ஆகவே வழக்கத்தை நாம் நுணுகிப் பார்க்கவேண்டியவர்களாகிறோம்.

நம் தேசத்தில் இவ்வாராய்ச்சி மிகப் பழமையானது. பரதருடைய நாட்டிய சாஸ்திரம் எட்டு ரஸங்களுக்கும் நிறம் வகுத்திருக்கிறது: சிருங்காரத்துக்குக் கருமை கலந்த சியாமம், ஹாஸ்யத்துக்கு வெண்மை, கருணைக்குப் புறாவின் சாம்பல் நிறம், ரௌத்திரத்துக்குச் சிவப்பு, வீரத்துக்குப் பொன்னிறம் சார்ந்த கௌரம், பயானகத்துக்குக் கறுப்பு, பீபத்ஸத்துக்கு நீலம், அற்புதத்துக்கு மஞ்சள். இன்றைய அட்டவணை நம்பிக்கையின் நிறமென்று கூறும் நீலம் அங்கே அருவருப்பின் நிறமாக நிற்பதைக் கவனியுங்கள். இரண்டில் எது சரி என்று வாதிடுவது வீண். இரண்டும் அவ்வச் சபையில், அவ்வவற்றின் சம்பிரதாயத்தை அறிந்த ரசிகர் முன்னிலையில் சரியே. கேரளத்துக் கதகளியில் நளனும் அருச்சுனனும் பச்சை முகத்தோடு வருவர், துச்சாசனனைப் போன்ற கொடியவருக்குச் செந்தாடி, அனுமானுக்கு வெண்தாடி. சீனத்துப் பீகிங் நாடகமேடைக்குப் போனால், செம்முகத்தோடு வரும் குவான் யூ விசுவாசத்தின் உருவம். வெண்முகத்தோடு வரும் சாவ் சாவ் வஞ்சகத்தின் உருவம். கதகளி ரசிகர் ஒருவரை முன்னறிவிப்பின்றி அங்கே கொண்டுபோய் உட்கார வைத்தால், உத்தமனைக் கண்டு அஞ்சி, கபடனைக் கண்டு கைகூப்பினாலும் வியப்பில்லை. இரு மேடைகளிலும் சிவப்பு சிவப்பாகவே இருக்கிறது. மாறியது, மேடைக்கும் பார்ப்பவருக்கும் இடையே தலைமுறை தலைமுறையாக ஏற்பட்டுள்ள ஒப்பந்தம்.

நாடகமேடையில் நேர்வது அங்காடியிலும் நேர்கிறது. மும்பைப் பங்குச்சந்தையின் விலைகளைத் தரும் பக்கத்தில் ஏற்றத்தைப் பச்சையிலும் இறக்கத்தைச் சிவப்பிலும் காட்டுகிறார்கள். சீனத்திலும் தைவானிலும் ஏறியதற்குச் சிவப்பு, இறங்கியதற்குப் பச்சை. கொரியாவில் ஏறியதற்குச் சிவப்பு, இறங்கியதற்கு நீலம். மங்கலத்தின் நிறம் எதுவோ அதுவே லாபத்தின் நிறமாகவும் அங்கே கருதப்படுகிறது. இவ்வேறுபாட்டை அறியாமல், ஒரு நாட்டுக்கென்று செய்த பக்கத்தை எழுத்தை மட்டும் மொழிபெயர்த்து மற்றொரு நாட்டுக்கு அனுப்பினால், தன் சேமிப்பு முழுவதையும் பங்குகளில் இட்டுவைத்திருக்கிற ஒருவர் எண்ணைப் படிப்பதற்கு முன்னே நிறத்தைக் கண்டு, லாபத்தை நஷ்டமென்று மயங்க நேரும்.

அவ்வளவு தூரம் போகவேண்டுவதும் இல்லை. நம் தமிழ்நாட்டுத் தெருவிலேயே கறுப்பு நிறம் படும் பாட்டைப் பார்க்கலாம். கார்த்திகை பிறந்தவுடன் சபரிமலைக்கு மாலையணிந்து, கறுப்பு வேட்டியுடுத்தி, செருப்பின்றி நடக்கிற பக்தருக்கு அந்நிறம் விரதத்தின் அடையாளம். அதே தெருவில், 1946இல் மதுரையில் மாநாடு கூட்டிய கறுஞ்சட்டை இயக்கத்தின் வழிவந்த பகுத்தறிவாளருக்கு அந்நிறம் சமூக இழிவுக்கு எதிராக எழுப்பிய கண்டனத்தின் அடையாளம். இருவரும் ஒரே தேநீர்க்கடை வாயிலில் நின்றால், ஒருவர் உடை கடவுளை நாடுகிறது, மற்றவர் உடை கடவுளை மறுக்கிறது. மணமகளுக்கு எடுக்கும் சேலையில் கறுப்புத் தலைகாட்டக்கூடாது என்று பல குடும்பங்களில் பெரியவர்கள் கண்டிப்பாக இருப்பார்கள். தமிழ் முஸ்லிம்களிடையேயோ மணமகளின் கழுத்தில் ஏறும் மங்கலச் சின்னமே கருகமணியாக இருக்கிறது. கைக்குழந்தையின் கன்னத்தில் திருஷ்டிக்காக இடும் பொட்டு கறுப்பு. கண்டனப் பேரணியில் ஏந்தும் கொடியும் கறுப்பு. இத்தனைக்கும் நடுவே நின்றுகொண்டு, கறுப்பு கம்பீரத்தின் நிறம் என்று ஒற்றை வரியில் எழுதிவைப்பது அறியாமை என்றே சொல்லத் துணிகிறேன். கறுப்போடு சிவப்பைச் சேர்த்துப் பக்கத்தின் தலைப்பில் ஒரு பட்டையாக இட்டுவிட்டால், தமிழ்நாட்டு வாசகர் முதலில் அரசியலையே படிப்பார். அதற்குப் பிறகுதான் எழுத்தைப் படிப்பார். வெளிநாட்டு வடிவமைப்பாளர் ஒருவருக்கு இது தெரியாமல் போனதற்காக அவரைக் குறைகூற முடியாது. நம்மிடையே பிறந்து வளர்ந்தவர், கையிலிருக்கும் அறிவைக் கைவிட்டு அட்டவணையை நாடுவதுதான் எனக்கு வருத்தமளிக்கிறது.

வெண்மையின் கதியும் இதுவே. 1840இல் விக்டோரியா மகாராணி தம் திருமணத்துக்கு வெண்ணாடை அணிந்ததிலிருந்து அது மேல்நாட்டு மணமகளிரிடையே பரவி, நம் நாட்டுக் கிறிஸ்தவ மணமகளின் வெண்பட்டுச் சேலையாகவும் வடிவெடுத்தது. அதே வெண்சேலை இந்துக் குடும்பங்கள் பலவற்றில் கைம்மையின் கொடுமையை நெடுங்காலம் சுமந்தது. நீலத்தைப் பற்றியும் ஒரு செய்தியைச் சொல்லிவிடுகிறேன். நீலம் நம்பிக்கையூட்டுவது என்பதற்குச் சான்றாக ஃபேஸ்புக் பக்கத்தின் நிறத்தைக் காட்டுவோர் உண்டு. அதன் நிறுவனரான மார்க் ஸக்கர்பர்க், தமக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்தறிய இயலாத குறை உண்டென்றும், தம் கண்ணுக்குச் செழிப்பாகத் தெரிவது நீலமே என்றும் 2010இல் நியூயார்க்கர் பத்திரிகையிடம் கூறியிருக்கிறார். உலகெங்கும் பலர் பின்பற்றிய ஒரு நிறத்தேர்வு தத்துவத்திலிருந்து பிறக்காமல் ஒரு தனிமனிதரின் விழித்திரையிலிருந்து பிறந்திருக்கிறது.

இனி, ஒரு நிறம் தன் அண்டை நிறத்தால் எவ்வாறு மாறுகிறது என்னும் பகுதிக்கு வருகிறேன். இதைக் கண்டு சொன்னவர் மிஷேல் யூஜீன் ஷெவ்ரூல் என்னும் பிரெஞ்சு ரசாயன அறிஞர். நூற்றிரண்டு வயது வாழ்ந்த பெருந்தகை. பாரிஸ் நகரத்துக் கோபலென் நெசவுச்சாலை சித்திரத் திரைச்சீலைகளுக்குப் பேர்போனது. அங்கே 1824ஆம் ஆண்டு அவர் சாயப் பகுதியின் தலைவராக நியமிக்கப்பட்டார். அவரிடம் வந்த முறையீடுகளில் ஒன்று, நீலத் துணிமடிப்புகளுக்கும் ஊதாத் துணிமடிப்புகளுக்கும் நிழல் காட்ட இடும் கறுப்பு நூல் போதிய வலிமையின்றி வெளிறித் தோன்றுகிறது என்பதாகும். சாயத்தைக் குறைகூறியவர்களை அவர் அலட்சியம் செய்யவில்லை. பிற சாலைகளிலிருந்து கறுப்பு நூல் வரவழைத்துத் தம் நூலோடு பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார்; தம் கறுப்பில் யாதொரு குறையும் காணவில்லை. அப்போதுதான், குற்றம் நூலில் இல்லை, அதற்கு அருகிலுள்ள நீலத்தில் இருக்கிறது என்னும் உண்மை அவருக்குப் புலப்பட்டது. அடுத்தடுத்து வைத்த இரு நிறங்களைக் காணும்போது, கண் ஒவ்வொன்றையும் மற்றதற்கு எதிரான நிறத்தின் பக்கமாகத் தள்ளிக் காண்கிறது. நீலத்தின் அருகே நின்ற கறுப்பு, நீலத்துக்கு எதிரான செம்மஞ்சள் சாயலை ஏற்றுப் பழுப்பேறித் தோன்றியது. பல ஆண்டுகள் சோதித்த பின், 1839இல் இவ்விதியைப் பெருநூலாக வெளியிட்டார்.

காஞ்சிபுரத்துத் தறிக்காரர்கள் இவ்விதியை ஏட்டில் படிக்காமலே கைப்பழக்கத்தால் அறிந்தவர்கள். பாவுக்கு ஒரு நிறமும் ஊடைக்கு வேறொரு நிறமும் வைத்து நெய்யும்போது, இரண்டும் தனித்தனியே தெரியாமல் ஒன்றையொன்று தழுவி மின்னுவதைத்தான் மயில்கழுத்து என்று பெயரிட்டு விற்கிறார்கள். உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு எதிர்நிறம் என்று அவர்கள் பொருத்துவதில் ஷெவ்ரூலின் நூலுக்கு உரையெழுதப் போதுமான ஞானம் அடங்கியிருக்கிறது. வலைப்பக்கத்தில் பணிபுரிவோரும் இதைத் தினந்தோறும் அநுபவிக்கிறார்கள். ஒரே சாம்பல் நிறத்தை நீலப் பின்னணியில் வைத்தால் மஞ்சள் பாய்ந்ததாகவும், மஞ்சள் பின்னணியில் வைத்தால் நீலம் பாய்ந்ததாகவும் தோன்றும். எண்ணால் குறித்த நிறம் சிறிதும் மாறியிராது. தனித்தனிச் சதுரங்களாக வைத்துப் பார்த்து மெச்சி எடுத்த ஐந்து நிறங்கள், பக்கத்தில் ஒன்றோடொன்று சேர்ந்தவுடன் ஒவ்வாமல் போவதற்கும் இதுவே காரணம். நிறத்தைத் தனியே தேர்ந்தெடுப்பது என்பதே நடவாத காரியம். நாம் தேர்ந்தெடுப்பவை எப்போதும் நிறங்களின் உறவுகள்.

உறவுகள் பலவற்றுள்ளும் எழுத்துக்கும் அதன் பின்னணிக்கும் உள்ள உறவே தலையாயது. நம் முன்னோர் இதைப் பனையோலையில் உணர்ந்திருந்தார்கள். எழுத்தாணியால் கீறிய எழுத்து ஓலையின் நிறத்திலேயே இருப்பதால் கண்ணுக்குப் பிடிபடாது. ஆதலால் பச்சிலைச் சாற்றையும் கரியையும் சேர்த்து ஓலை முழுவதும் தடவித் துடைத்துவிடுவார்கள். மேற்பரப்பிலுள்ள மை போய்விடும். கீறலுக்குள் தங்கிய மை எழுத்தைக் கறுப்பாக எடுத்துக்காட்டும். எழுத்தைப் படிக்கச் செய்வது அதன் நிறம் அன்று, ஒளிமிகுதியிலும் குறைவிலும் அதற்கும் பின்னணிக்கும் உள்ள வேற்றுமை என்னும் மெய்ப்பொருள் இச்சிறு கிரியையில் முழுமையாக அடங்கியிருக்கிறது.

இன்று அவ்வேற்றுமையை அளக்கவும் வழியுண்டு. வலையின் பொது நியமங்களை வகுக்கும் உலகளாவிய வலைக் கூட்டமைப்பு 2008இல் வெளியிட்ட அணுகல் நெறிமுறைகள், சாதாரண அளவுள்ள எழுத்துக்கும் அதன் பின்னணிக்கும் உள்ள ஒளி விகிதம் 4.5க்கு 1 என்ற அளவுக்குக் குறையலாகாது என்றும், பெரிய எழுத்துக்கு 3க்கு 1 போதும் என்றும் விதிக்கின்றன. வெள்ளையின்மேல் தூய கறுப்பு 21க்கு 1. நம் கண்ணுக்கு வெளிச்சமாகப் படுவதில் பச்சையொளியின் பங்கு நூற்றுக்கு ஏறத்தாழ 72, செந்நிறத்தின் பங்கு 21, நீலத்தின் பங்கு 7 மட்டுமே. ஆகையால் வெள்ளைப் பின்னணியில் தூய நீல எழுத்து 8.6 என்ற நல்ல விகிதம் பெறுகிறது, தூய சிவப்பு 4ஐத் தாண்டாமல் தேர்வில் தவறுகிறது, தூய பச்சை 1.4க்கும் மஞ்சள் 1.1க்கும் தாழ்ந்து அநேகமாகக் காணாமலே போகிறது. எச்சரிக்கை வாசகத்தைப் பளிச்சென்ற சிவப்பில் சிறிய எழுத்தாக இடுவது நம்மிடையே பெருவழக்கம். பொருளுக்குப் பொருத்தமான நிறம்தான்; ஆனால் எச்சரிக்கப்படவேண்டியவர் அதைப் படிக்கத் திணறுகிறார். சிவப்பைச் சற்றுக் கறுக்கச் செய்து அரக்கின் பக்கம் கொண்டுபோனால் பொருளும் கெடாது, படிக்கவும் முடியும்.

தமிழெழுத்துக்கு இவ்விஷயத்தில் தனிக் கவனம் வேண்டும். வெளிறிய சாம்பல் நிறத்தில் சிற்றெழுத்துகளை இடும் நாகரிகம் ஆங்கிலப் பக்கங்களிலிருந்து நம் பக்கங்களுக்கும் வந்துவிட்டது. மெய்யின்மேல் புள்ளி ஒரு நுண்ணிய பொட்டு. ஒளிவேற்றுமை குறைந்தால் முதலில் மறைவது அதுவே. புள்ளி மறைந்தால் மெய் உயிர்மெய்யாகிவிடும். இரண்டு சுழி னகரத்துக்கும் மூன்று சுழி ணகரத்துக்கும் உள்ள பேதம் ஒரு சுழியில் நிற்கிறது. வெள்ளெழுத்துக் கண்ணாடி அணிந்த ஒரு முதியவர், நண்பகல் வெயிலில் பேருந்து நிறுத்தத்தில் நின்றுகொண்டு, கைப்பேசியில் ஓய்வூதிய அறிவிப்பைப் படிக்க முயலும் காட்சியை மனத்தில் கொண்டு எழுத்தின் நிறத்தைத் தீர்மானிப்பவர் அருகிக்கொண்டு வருகிறார்கள். குளிரூட்டிய அறையில், உயர்ந்த விலைத் திரையில் அழகாகத் தெரிந்ததே போதுமென்று எண்ணுவோர் பெருகுகிறார்கள். தமிழ்ப் பக்கங்களில் வாசக எழுத்துக்கு 4.5 என்ற எல்லையோடு திருப்தியடையாமல், அந்நெறிமுறைகளே மேல்நிலையாகக் கூறும் 7க்கு 1 என்ற அளவைக் கைக்கொள்ள வேண்டுமென்பது என் அபிப்பிராயம்.

எல்லாக் கண்களும் ஒரே கண்ணல்ல என்பதை மேல்நாட்டு விஞ்ஞானத்துக்கு முதலில் விளக்கியவர்களுள் முக்கியமானவர், அணுக்கொள்கையால் புகழ்பெற்ற ஜான் டால்ட்டன். பிறர் இளஞ்சிவப்பு என்று கூறும் மலர் தமக்கு வானநீலமாகத் தெரிவதை ஆராய்ந்து, 1794இல் மான்செஸ்டர் அறிஞர் கழகத்தில் ஒரு கட்டுரை வாசித்தார். ஐரோப்பிய மரபைச் சேர்ந்த ஆண்களுள் நூற்றுக்கு எண்மர் அளவினருக்குச் சிவப்பு, பச்சை ஆகியவற்றைப் பிரித்தறிவதில் ஏதேனும் ஒரு வகைக் குறை இருக்கிறது; பெண்களிடையே அது மிக அரிது. 1875இல் ஸ்வீடனில் லாகர்லுண்டா என்னுமிடத்தில் இரண்டு ரயில்கள் மோதிப் பலர் மாண்டபோது, உப்சாலாப் பல்கலைக்கழகத்து உடலியல் பேராசிரியர் ஃபிரித்தியோஃப் ஹோல்ம்கிரென், அடையாள விளக்கின் நிறத்தைப் பிரித்தறியாமை இவ்விபத்துக்குக் காரணமாகலாம் என்று கருதி, கம்பளி நூற்கண்டுகளைக் கொண்டு ரயில்வே ஊழியர்களின் கண்ணைச் சோதிக்கும் முறையை ஏற்படுத்தினார். அவர் ஊகித்த காரணத்தைப் பிற்கால ஆராய்ச்சியாளர் மறுத்ததுண்டு. அவர் தொடங்கிய சோதனையோ உலகமெங்கும் நிலைபெற்றது.

இதிலிருந்து வலைப்பக்கத்துக்குப் பெறப்படும் விதி எளியது: எந்தச் செய்தியையும் நிறம் ஒன்றிடமே ஒப்படைக்கலாகாது. 1993ஆம் ஆண்டு இல்லினாய் பல்கலைக்கழகத்தில் உருவான மொசைக் என்னும் வலையுலாவி, இணைப்புச் சொற்களுக்கு நீல நிறம் கொடுத்தபோது அதன்கீழ் நேர்கோடும் இட்டது. முன்பே சென்று பார்த்த இணைப்புகளுக்குக் கருஊதா நிறத்தோடு விட்டுவிட்டு வரும் கோட்டை இட்டது. நிறம் அறியாதவர் கோட்டைக் கொண்டு அறிந்துகொள்ளலாம். அழகுக்காக அக்கோட்டை நீக்கிவிட்ட பிற்காலத்தாரைவிட அவ்வுலாவியைச் செய்தவர்கள் வாசகரிடம் அதிக அக்கறை காட்டினார்கள். நம் நாட்டிலும் போற்றத்தக்க ஓர் உதாரணம் இருக்கிறது. உணவுப் பொட்டலங்களில் சைவத்துக்குப் பச்சை வட்டம், அசைவத்துக்குப் பழுப்பு வட்டம் என்றிருந்த குறியீடு, பச்சையையும் பழுப்பையும் பிரித்தறியாதவருக்குப் பயன்படாதிருந்தது. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் 2020ஆம் ஆண்டு விதிகள், அசைவத்தின் பழுப்பு வட்டத்தை முக்கோணமாக மாற்றின. சமயத்தையும் மனச்சாட்சியையும் தொடுகிற ஒரு விஷயத்தில் நிறத்துக்குத் துணையாக வடிவத்தை நிறுத்தியதை நான் மனமாரப் பாராட்டுகிறேன். உணவு வரவழைக்கும் செயலிகளை அமைப்போர் இதைத் தம் பக்கங்களில் பழைய வட்டமாகவே விட்டுவைத்திருந்தால் உடனே திருத்திவிடுதல் நன்று.

அப்படியானால் நிறத்தை எவ்வாறு தேர்ந்தெடுப்பது என்று மாணவர்கள் கேட்கலாம். பக்கத்தை முதலில் கறுப்பு, வெள்ளை, இடைப்பட்ட சாம்பல் ஆகியவற்றைக் கொண்டே முழுமையாக அமைத்துப் பாருங்கள். தலைப்பு எது, வாசகம் எது, அழுத்தவேண்டிய பொத்தான் எது என்று அந்நிலையிலேயே விளங்கவில்லையானால் எந்த நிறமும் அதை விளக்கப்போவதில்லை. விளங்கியபின், வாசகர் செய்யவேண்டிய செயலுக்கென ஒரே ஒரு நிறத்தைக் கொடுத்து, அதை வேறெதற்கும் செலவிடாமல் காத்துக்கொள்ளுங்கள். குறிப்புப் பொருளைப் பற்றி ஐயம் நேர்ந்தால் அட்டவணையைக் கேளாமல், அப்பக்கம் யாருக்காகச் செய்யப்படுகிறதோ அவர்களையே கேளுங்கள். சில நிறங்களுக்குச் சட்டமே பொருள் விதித்திருப்பதையும் மறத்தலாகாது: மருத்துவமனைப் பக்கத்தில் வெள்ளைப் பின்னணியில் சிவப்புச் சிலுவையை இடுவது இயல்பென்று தோன்றும், ஆனால் 1864இல் ஜெனீவா உடன்படிக்கையால் போர்க்களத்துப் பாதுகாப்புச் சின்னமாக ஏற்கப்பட்ட அதை, அநுமதியின்றிப் பயன்படுத்துவதை இந்தியாவில் 1960ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது.

இறுதியாக, இத்துறையில் நாம் செய்யவேண்டிய ஒரு காரியத்தை இச்சபையின் முன் வைக்கிறேன். வலைப்பக்கங்களுக்கு நிறம் குறிக்கும் கணினி மொழியில், எண்களோடு, நூற்று நாற்பதுக்கும் மேற்பட்ட ஆங்கில நிறப்பெயர்களும் ஏற்கப்பட்டிருக்கின்றன. பழைய கணினி முறையொன்றின் பெயர்ப்பட்டியலிலிருந்து அவை வந்தமையால், டார்க் கிரே என்று பெயர்பெற்ற கருஞ்சாம்பல், கிரே என்னும் வெறுஞ்சாம்பலைவிட வெளிறியதாக இருப்பது போன்ற முரண்களும் அதில் நிலைத்துவிட்டன. நம்மிடமோ அரக்கு, வாடாமல்லி, கிளிப்பச்சை, மாம்பழ மஞ்சள், இசையரசி சுப்புலட்சுமியின் பெயரால் வழங்கும் எம்.எஸ். நீலம் என்று தறியிலும் சாயப்பட்டறையிலும் பயின்றுவரும் பெயர்கள் ஏராளமாக உள்ளன. அவற்றை எந்த அரசாங்கக் குழுவும் ஆக்கியதில்லை. வாங்குவோரும் விற்போரும் சேலையைக் கையில் பிடித்துக்கொண்டு பேசிப் பேசி நிலைபெற்றவை. காஞ்சிபுரம், ஆரணி, சின்னாளப்பட்டி முதலிய ஊர்களுக்கு மாணவர்கள் சென்று, மூத்த சாயக்காரர்களிடம் ஒவ்வொரு பெயருக்கும் உரிய நூலைக் கேட்டுப் பெற்று, கடைவிளக்கில் அல்லாமல் காலை வெளிச்சத்தில் கருவி கொண்டு அளந்து, ஊர், நூலின் வகை, அதை எந்தக் காரியத்துக்கு உடுத்துவார்கள், எதற்கு உடுத்தமாட்டார்கள் என்ற விவரங்களோடு திரைக்குரிய எண்ணையும் எழுதி ஒரு கோவையாக்கலாம். பெரும்பாலான பெயர்களுக்கு ஓர் எண் போதும். மயில்கழுத்துக்குப் பாவின் எண்ணும் ஊடையின் எண்ணுமாக இரண்டை எழுதிவைக்க வேண்டியிருக்கும். அவ்விரண்டையும் திரையில் எவ்வாறு அடுத்தடுத்து நிறுத்தினால் தறியில் காணும் மினுக்கம் ஓரளவேனும் கிட்டும் என்பதை, கணினி பயிலும் மாணவர்களும் நெசவு பயிலும் மாணவர்களும் ஒன்றாக உட்கார்ந்துதான் கண்டுபிடிக்க வேண்டும்.